நம் வீட்டு ரோஜாவும் மலைத் தண்ணீரும்

(சங்கத்தின் ஜனவரி மாதக் கூட்டத்தில், ஊட்டியில் நெடுங்காலமாக ரோஜா வளர்த்துவரும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



வரவு செலவு, குப்பை வண்டி வரும் நேரம், எரியாத தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெளியே டீயும் வர்க்கியும் தயாராக இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செயலாளர் என்னிடம் "ரோஜா வளர்ப்பு பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் சார்" என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் குடியிருப்பில் ஒன்பது வீடுகளில் முன்புறத் தோட்டத்தை எடுத்துவிட்டு சிமென்ட் தளம் போட்டுவிட்டார்கள். சிலருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், அது நியாயம்தான். மற்றவர்களிடம் கேட்டபோது கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வந்தது. "ரோஜா வைத்துப் பார்த்தோம் சார், ஒரு மழைக்கு மேல் நிற்கவில்லை. இலையெல்லாம் கொட்டி, குச்சி கறுத்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. எடுத்துவிட்டோம்."

இன்னொரு புகாரும் உங்களுக்கு நினைவிருக்கும். போன பொதுக்குழுவில் கீழ்வரிசை வீட்டுக்காரர்கள் எழுந்து, மேல்வரிசையிலிருந்து வரும் தண்ணீர் தங்கள் பின்பக்கத் தடுப்புச் சுவரில் கசிகிறது என்றார்கள். கொஞ்சம் சூடாகவே பேசினோம். இந்த இரண்டையும் நாம் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ரோஜா செத்ததும் தண்ணீரால். தளம் போட்ட பிறகு கீழ்வீட்டுச் சுவர் நனைவதும் தண்ணீரால். இந்த மலையில் ரோஜா வளர்ப்பது என்றால் தண்ணீரை எங்கே நிறுத்துவது, எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்வதுதான். மீதியெல்லாம் சின்னச் சின்னக் கைவேலை.

முதலில் நம் ஊரின் தட்பவெப்பம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். கோடையிலும் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ரோஜாவுக்கு இதைவிட நல்ல வெப்பநிலை கிடைக்காது. விஜயநகரத்தில், எல்க் மலைச் சரிவில் 1995-இல் தொடங்கிய அரசு ரோஜாப் பூங்காவுக்கு 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு விருது கொடுத்தது சும்மா இல்லை. பூங்காவுக்குப் போகிறவர்கள் பூவைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் பூவுக்குக் கீழே பாருங்கள். சரிவை எப்படிப் படிப்படியாக வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் ஓட எங்கே வழி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ரோஜா வளர்ப்பவர்களுக்கு இங்கே இரண்டு பக்கத்திலிருந்து யோசனை வருகிறது. ஒன்று இங்கிலாந்துப் புத்தகம். மற்றொன்று ஓசூர், பெங்களூரு பக்கத்து நர்சரிக்காரர்கள் சொல்வது. இரண்டு பேரும் தங்கள் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் செடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். சமவெளியில் வெயில் காய்ந்து இலையை உலர்த்திவிடும். நமக்கு இரண்டும் இல்லை. செடி முழுமையாகத் தூங்குவதில்லை, ஆண்டு முழுவதும் பச்சை இலை இருக்கும், ஜூன் தொடங்கி நவம்பர் வரை அந்த இலை நனைந்தபடியே இருக்கும். தென்மேற்குப் பருவமழை போனவுடன் வடகிழக்கு வந்துவிடுகிறது. நடுவில் மூடுபனி. பூஞ்சணத்துக்குக் கல்யாண விருந்து மாதிரி.

நம் வீடுகளில் அதிகம் காண்பது கரும்புள்ளி நோய். இலையில் ஓரம் கலைந்த கறுப்புப் புள்ளி வரும், சுற்றி மஞ்சளாகும், பிறகு இலை உதிரும். இந்தப் பூஞ்சணத்தின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் குழாயைப் பிடித்து இலைமேல் தண்ணீர் அடித்தால், விடியும்வரை அது காயாது. ஏழு மணி நேரம் தாராளமாகக் கிடைத்துவிடும். காலையில் செடியின் அடியில் மட்டும் ஊற்றினால் அந்தப் பூஞ்சணத்துக்கு நீங்கள் உதவி செய்யவில்லை. மழையை நிறுத்த நம்மால் முடியாது. மழை விட்ட பிறகு இலை எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பது நம் கையில் இருக்கிறது.

அதனால்தான் இடம் தேர்ந்தெடுப்பதில் நான் கறாராக இருப்பேன். காலை வெயில் படும் கிழக்குப் பக்கமே முதல் இடம். மதிய வெயில் எவ்வளவு இருந்தாலும், காலை பத்து மணிவரை நிழலில் ஈரத்தோடு நிற்கும் செடி நோய்க்குப் போகும். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விடுங்கள். வைக்கும்போது வெறிச்சென்று இருக்கும், பரவாயில்லை. இடையில் காற்று போக வேண்டும். மதில் சுவரை ஒட்டி வரிசையாக நெருக்கி நடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சுவர்ப் பக்கத்து இலைகள் காயவே காயாது.

இனி வேர். நம் மேல்மண் ஒரு முழம் ஆழத்துக்கு நன்றாக இருக்கும். கீழே இறுகிய செம்மண். ஒன்றரை அடிக் குழி வெட்டி, எருவும் மணலும் போட்டு நட்டால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். இறுகிய மண்ணில் அந்தக் குழி ஒரு சட்டி மாதிரி ஆகிவிடும். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் இளகிய மண் இருக்கும் இடத்தைத் தேடி வந்து அதற்குள் நிற்கும். ஜூலையில் இலை மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் போடுவார்கள். வேர் மூச்சு முட்டிக் கிடக்கும்போது உரம் என்ன செய்யும்?

நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். குழியில் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் அங்கே நடலாம். இறங்காவிட்டால் குழியே வேண்டாம். தரைக்கு மேலே ஒன்பது அங்குலம், ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டுங்கள். சரிவுக்குக் குறுக்காகக் கட்ட வேண்டும், சரிவோடு நீளமாகக் கட்டினால் முதல் மழையிலேயே மண் இறங்கிவிடும். ஓரத்துக்கு உடைந்த கருங்கல் போதும், சிமென்ட் பூசாதீர்கள். கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிய வேண்டும்.

ஒட்டுச் செடி வாங்கினால் ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் ஓர் அங்குலம் தெரியும்படி நடுங்கள். இங்கிலாந்துப் புத்தகங்கள் அதை மண்ணுக்குள் புதைக்கச் சொல்லும். அங்கே நிலம் உறைவதிலிருந்து காப்பாற்ற அப்படிச் செய்கிறார்கள். இங்கே புதைத்தால் முடிச்சு அழுகும். முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாக ஒரு கிளை நீண்டு வந்தால் அது வேர்ச்செடியின் கிளை. மண்ணை விலக்கி, அது தொடங்கும் இடத்திலிருந்து பிய்த்து எடுங்கள். மேலே கத்தரித்தால் இரண்டு மடங்காக வரும். "செடி ஜோராக வளர்கிறது, பூதான் இல்லை" என்று என்னிடம் சொன்ன பலர் வீட்டில் போய்ப் பார்த்தால், ஒட்டு எப்போதோ செத்துப்போய் வேர்ச்செடிக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

மண்ணின் புளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலை மண் தேயிலைக்கு ஏற்றது. அதாவது அமிலத்தன்மை அதிகம். ரோஜாவுக்கு பி.எச். அளவு 6-க்கும் 6.5-க்கும் இடையில் இருப்பது நல்லது. வீட்டில் ஹைட்ரேஞ்சியா இருந்தால் அதன் பூவைப் பாருங்கள். நல்ல நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு என்று அர்த்தம். ஒரு கைப்பிடி மண்ணை மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு டோலமைட் போடுங்கள். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தொடங்கலாம். டோலமைட்டையும் தொழு உரத்தையும் ஒரே நாளில் கலந்து போட வேண்டாம், உரத்தின் தழைச்சத்து காற்றில் போய்விடும். ஒரு மாத இடைவெளி விடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். பாத்தியிலிருந்து தண்ணீர் வடிய வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். வடிந்த தண்ணீர் எங்கே போகிறது? நம் குடியிருப்பில் மேல்வரிசையின் முன்முற்றம் கீழ்வரிசையின் தலைக்கு மேல் இருக்கிறது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். 2009 நவம்பரில் நீலகிரியில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரம் ஏறிய மண்ணின் எடை என்ன செய்யும் என்று இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது.

ஆகவே மேல்வரிசைக்காரர்கள் தடுப்புச் சுவரின் விளிம்பிலிருந்து குறைந்தது நான்கடியாவது தள்ளிப் பாத்தி கட்டுங்கள். சுவரை ஒட்டி மண் கொட்டி உயர்த்தவே வேண்டாம். பாத்தியின் கீழ்ப்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு ஆழமில்லாத கூழாங்கல் வாய்க்கால் விட்டு, அதைப் பக்கவாட்டில் தெரு வடிகாலில் சேருங்கள். கீழ்வரிசைக்காரர்கள் தங்கள் பக்கச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகச் சுவரைப் பூசும்போது அந்தத் துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்ட வீடுகள் இரண்டு எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் விரிசலோ வீக்கமோ தெரிந்தால் ரோஜாவை விட்டுவிட்டு முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தளம் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைக்கலாம். கணக்குப் போடுங்கள். நானூறு சதுர அடி முற்றத்தில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,850 லிட்டர் தண்ணீர். மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டைக் கவிழ்த்த மாதிரி. மண்ணாக இருந்தால் ஒரு பகுதியைக் குடிக்கும், மீதியை மெதுவாக விடும். சிமென்ட் ஒன்றையும் குடிக்காது, அத்தனையையும் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உடனே தள்ளும். ஒன்பது வீடுகள் என்று சொன்னேன். கீழ்வரிசைக்காரர்கள் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, என்ன ரோஜா வைப்பது? கண்காட்சியில் பார்த்த பெரிய மஞ்சள் ரோஜாதான் எல்லாருக்கும் வேண்டும். அந்த மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. ஐரோப்பியத் தோட்டங்களில் அடர்ந்த மஞ்சள் நிறக் கலப்பின ரோஜா நெடுநாள் கிடையாது. பிரான்சில் லியான் நகரத்துக்காரரான பெர்னே-டுஷே, பாரசீக மஞ்சள் என்ற ரோஜாவோடு கலப்புச் செய்து, 1900-இல் 'சொலேய் டோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த வம்சம். பாரசீக மஞ்சளின் சொந்த ஊர் மழை குறைந்த மேற்கு ஆசியா. கரும்புள்ளி நோயைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. நிறத்தோடு அந்தப் பலவீனமும் சந்ததிக்கு வந்துவிட்டது. 1945-இல் பெயர் சூட்டப்பட்ட புகழ்பெற்ற 'பீஸ்' ரோஜாவிலும் அந்த ரத்தம் உண்டு. மஞ்சள் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்று வையுங்கள், வெயில் அதிகம் படும் இடத்தில் வையுங்கள், மழையில் இலை கொட்டினால் மனம் உடையாதீர்கள்.

முதன்முறை வைப்பவர்கள் கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா வகைகளில் தொடங்கலாம். 1958-இல் ஜெர்மனியில் கோர்டெஸ் வெளியிட்ட வெள்ளை 'ஐஸ்பர்க்' எனக்குப் பிடித்தது. அதற்கும் கரும்புள்ளி வரும், ஆனால் இலையை உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்க்கும் வேகம் அதற்கு இருக்கிறது. இளஞ்சிவப்பு 'குயீன் எலிசபெத்' ஆளுயரம் போகும், உழைப்பாளி. நம் பாட்டிமார் வைத்த பன்னீர் ரோஜாவைக் கேவலமாக நினைக்காதீர்கள். அந்த வாசனை இன்றைய பெட்டி ரோஜா எதிலும் இல்லை. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் மணிப்பூர்ப் பக்கத்துக் காட்டு ரோஜாவையெல்லாம் எடுத்துக் கலப்புச் செய்து, நம் நாட்டு வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்ற ரகங்களை உருவாக்கியவர்கள். அவர்கள் ரகம் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். நம் நீலகிரியிலேயே ஒரு காட்டு ரோஜா உண்டு, தெரியுமா? சோலைக்காட்டு ஓரங்களில் கொடியாக ஏறி வெள்ளையாகப் பூக்கும். லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயரில் ரோசா லெஷனோல்டியானா என்கிறார்கள். பூத்திருக்கும்போது நின்று பாருங்கள், பிடுங்கி வராதீர்கள்.

இனி, இந்த மாதம் நாம் செய்ய வேண்டிய வேலை. கவாத்து.

செடி தானாகத் தூங்குவதில்லை என்று முன்பே சொன்னேன். ஆகவே அதற்கு ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும். இன்றிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கவாத்து செய்யுங்கள். இப்போதே கை துறுதுறுக்கும், பொறுங்கள். கவாத்து செய்தவுடன் பிஞ்சுத் துளிர் வரும். அந்தத் துளிர்மேல் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் கருகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். குதிரைப் பந்தய மைதானத்திலும் தலைக்குந்தாவிலும் வெள்ளை விரித்த மாதிரி பனி கிடக்கும் அதே காலையில், மேட்டில் இருக்கும் வீடுகளில் ஒன்றும் இருக்காது. நம் குடியிருப்பிலேயே மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அந்த வித்தியாசம் உண்டு. புதிதாக வைத்த சின்னச் செடிகளை இரவில் மூடுங்கள். தாவரவியல் பூங்காவில் செய்வது போல மிலார் கொண்டு மூடினால் நல்லது, பழைய சாக்கும் போதும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

வெட்டும்போது முதலில் காய்ந்த, கறுத்த கிளைகளை எடுங்கள். உள்ளே வெண்மையாகத் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பழுப்பு தெரிந்தால் இன்னும் நோய் இருக்கிறது. பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளைகள், பென்சிலைவிட மெலிந்த கிளைகள். மிச்சமிருக்கும் நான்கைந்து நல்ல கிளைகளை ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் கணுவின்மேல் வழியாதபடி எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள். செடியின் நடுப்பகுதி ஒரு கிண்ணம் போலத் திறந்திருக்க வேண்டும். ஜூலையில் அந்தத் திறப்பின் வழியாகத்தான் காற்று போய் இலையை உலர்த்தும். கொடி ரோஜாவை இப்படிக் குட்டையாக வெட்டக் கூடாது. நீண்ட கிளைகளைப் படுக்கைவாக்கில் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூ வரும்.

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஒரே தோட்டக்காரர் பத்து வீட்டுக்குப் போகிறார், பத்து வீட்டு நோயும் அவரோடு போகிறது. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை, ஸ்பிரிட் பாட்டிலை நாம்தான் வாங்கித் தர வேண்டும்.

கவாத்துக்குப் பிறகு செடியில் ஒட்டியிருக்கும் பழைய இலை ஒவ்வொன்றையும் கையால் எடுத்துவிடுங்கள். மொட்டையாக நிற்கட்டும். கீழே விழுந்த இலைகளையும் பொறுக்குங்கள். போன வருடத்துப் பூஞ்சணம் அதில்தான் குடியிருக்கிறது. வீட்டு எருக்குழியில் போடாமல் தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். பிறகு நன்றாக வெயில் அடிக்கும் ஒரு நாளில் ஒரு சதவீத போர்டோக் கலவை ஒரு முறை தெளிக்கலாம். லிட்டருக்கு மயில்துத்தம் 10 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராம். இரண்டையும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய வாய்களில் போர்டோப் பசை தடவுங்கள். ஒரு முறை என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். செம்பு மீனுக்கு விஷம், மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். நம் வடிகால் எல்லாம் ஓடையில்தான் முடிகிறது.

துளிர் ஓர் அங்குலம் வந்ததும் செடிக்கு ஐந்து கிலோ மக்கிய தொழு உரம், 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 100 கிராம் எலும்புத்தூள். எலும்புத்தூளை நன்றாக மண்ணுக்குள் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் தெருநாயும் காட்டுப்பன்றியும் உங்கள் பாத்தியைக் கிளறிக் கொடுக்கும். கடமானுக்கும் காட்டெருமைக்கும் என்னிடம் மருந்து இல்லை. மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்குப் போட்டால், மழைத்துளி மண்ணில் பட்டு நோயை இலைக்குத் தெறிக்க வைப்பது குறையும். மார்ச், ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் நாள் தவறி வரும்போது அதே மூடாக்கு ஈரத்தையும் காக்கும். அந்த மாதங்களில் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, வாரம் ஒருமுறை செடிக்கு ஒரு வாளி ஊற்றுவது மேல். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

நம் குளிரில் கவாத்திலிருந்து பூ வர மூன்று மாதம், சில செடிக்கு அதற்கு மேலும் ஆகும். பிப்ரவரித் தொடக்கத்தில் வெட்டினால் மே மாதம் ஊரே பூக்காட்சிக்கு வரும்போது உங்கள் வாசலும் பூத்திருக்கும்.

கூட்டத்தில் வந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தெரு அம்மா ஒருவர், மொட்டு பெரிதாக வருகிறது, விரியாமல் பழுப்பாகி உருண்டையாக அப்படியே காய்ந்துவிடுகிறது என்றார். இதழ் அதிகமுள்ள ரகங்களில் மழைக்காலத்தில் இப்படி ஆகும். நனைந்த வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு மொட்டைப் பூட்டிவிடும், பிறகு சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். மருந்து தேட வேண்டாம். அந்த மொட்டைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். அடுத்த முறை இதழ் குறைந்த ரகம் வாங்குங்கள்.

இன்னொருவர், வாரம் ஒரு முறை மருந்து அடித்தால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காதே சார் என்றார். வாரம் ஒரு முறை அடித்தால் இலை பளபளப்பாக இருக்கும் என்பது உண்மைதான். கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் அப்படிச் செய்கிறார்கள். நம் வீடுகளுக்கு நடுவில் பத்தடி கூட இல்லை. உங்கள் தெளிப்பு அடுத்த வீட்டுக் கொத்தமல்லியின்மேல் படும், குழந்தைகள் விளையாடும் இடத்தில் படும், மீதி ஓடைக்குப் போகும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்த நாட்களில் சாம்பல் நோய் வரும், இலைமேல் மாவு தூவியது போல. அது மட்டும் இலை ஈரம் இல்லாமலே பரவும். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம் போதும். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும், காலை வேளையில். மீதிக்கு வேப்பெண்ணெய். மழைக்காலத்தில் கால்வாசி இலை கொட்டிய செடியைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளும் மனம் எனக்கு வந்துவிட்டது. உங்களுக்கு வராவிட்டால் ரோஜாவைக் குறைத்துக்கொண்டு ஃபியூஷியா வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக ஏற்பாடு. என்னிடம் நல்ல கவாத்துக் கத்தரி மூன்று இருக்கிறது, ஒரு கைரம்பமும் இருக்கிறது. ஸ்பிரிட் வாங்கச் சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. மேல்வரிசை வீடுகளுக்கு ஜனவரி கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறோம். கீழ்வரிசையில் பனி அதிகம் தேங்குவதால் அங்கே பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. வெட்டிய குச்சிகளில் பென்சில் கனம் உள்ளதை ஓர் அடி நீளத்தில் எடுத்து, ரகத்தின் பெயர் எழுதி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், பதியம் போட வேண்டுபவர்களுக்குக் கொடுக்கலாம். அன்று வரும்போது கையோடு ஒரு கம்பியும் கொண்டு வருவேன். ஒவ்வொரு தடுப்புச் சுவரிலும் நீர் வடியும் துளைகளைக் குத்திப் பார்த்துவிடலாம். தளம் போட்ட ஒன்பது வீட்டுக்காரர்களும் அவசியம் வாருங்கள். தளத்தின் ஓரத்தில் இரண்டடி அகலம் உடைத்தால் நான்கு ரோஜா வைக்கலாம், தண்ணீருக்கும் ஒரு வழி கிடைக்கும். எங்கே உடைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.

டீ ஆறிப்போயிருக்கும், வாருங்கள்.